மதுரையில் ஏறாதவர்

வாரக்கணக்கில் வலை விரித்துக் காத்திருந்த டிக்கெட் விலை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆபீசில் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்த நேரத்தில் வந்து விழுந்தது. பாண்டிமீனா யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கம்ப்யூட்டருக்குக் காது கேட்டு விலையை ஏற்றிவிடும் என்று ஒரு பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பெயரைத் தட்டினாள். இருளாண்டி. பாஸ்போர்ட்டில் இருந்தபடியே, எழுத்துக்கு எழுத்து.

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு லோடுக்குப் பில் போடுகிற வேலை. ஆனால் தீபாவளி முடிந்து முதலாளி வீட்டார் எந்தச் சீமைக்குப் போனாலும் டிக்கெட்டைத் துழாவி எடுத்துத் தருவது அவள்தான். சிவகாசி டிராவல்ஸ்காரர்கள் சொல்கிற விலையைக் கேட்டுவிட்டு, அதில் பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். பாராட்டு சின்ன முதலாளி பாலகுருவுக்குப் போகும். அவளுக்கு ஒரு சாக்லேட் டப்பா வரும்.

இந்த முறை தேடியது சொந்தச் சனத்துக்கு.

தம்பி காளீஸ்வரன் அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த குஜராத்திப் பெண் ஒருத்தியைக் கட்டப்போவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். தேதியையும் அவர்களே குறித்துவிட்டார்கள். போனை வைக்கும்போது, "முடிஞ்சா வாங்க" என்றான். முடியாது என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. பாண்டிமீனாவுக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாளே செத்துப்போன மனைவியின் தாலியை எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆசாரியிடம் போனார். உருக்கிப் புதுசாக அடித்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தார். "பொண்ணு எந்த ஊருக்காரியா இருந்தா என்ன? தாலி நம்ம வீட்டுது. என் கையால எடுத்துக் குடுக்கணும். அம்புட்டுத்தான்," என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தனியாக அமெரிக்காவில் இறங்கி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாது. சின்ன மகள் மாரிசெல்வி அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில் நர்ஸ். அப்பாவை அங்கே அனுப்பிவிட்டால், அங்கிருந்து அவள் கையைப் பிடித்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவாள். திட்டம் அதுதான். இரண்டு நாட்டு விசாவும் வந்ததே பெரிய அதிசயம்.

அந்தக் கடலைத் தாண்டுகிற டிக்கெட்தான் கழுத்தை அறுத்தது. டப்ளினிலிருந்து அட்லாண்டாவுக்குப் போக மட்டும் கேட்டால், போய்வர ஆகிறதைவிட அதிகம் சொன்னான். தனித்தனியாகப் போட்டால் அப்பாவின் ஒரு சீசன் சம்பளத்தை முழுங்கியது. சென்னையிலிருந்து போட்டுப் பார்த்தாள். கொச்சி, திருவனந்தபுரம், கொழும்பு. நாளை மாற்றினாள், கிழமையை மாற்றினாள். கடைசியில், போகாத ஊருக்கு வழி கேட்கிற மாதிரி, மதுரை என்று அடித்தாள். மதுரை, சென்னை, நடுவில் வளைகுடாவில் ஒரு மாற்றம், டப்ளின். அங்கே இரண்டு நாள். பிறகு அட்லாண்டா. திரும்புகிற வழியும் சேர்த்து எல்லாம் ஒரே டிக்கெட். சென்னையில் தொடங்கினால் ஒரு விலை, அதற்கு முன்னால் மதுரை என்ற ஒரு துண்டை ஒட்டினால் அதில் பாதி. ஏன் என்று கேட்டால் விற்கிறவனுக்கே தெரியாது.

நகையை அடகு வைத்துப் புரட்டியிருந்த பணத்தைக் கட்டிவிட்டாள். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்று சிவப்பில் போட்டிருந்தது. ரத்து செய்ய யார் போகிறார்கள்?

அடுத்த கண்டம் லீவு.

இருளாண்டி அந்தக் கம்பெனியின் போர்மேன். வெடிமருந்து கலக்குகிற அறைக்கும் அதைக் குழாயில் செலுத்துகிற அறைக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் நிற்காமல் பூட்டைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். இன்னொரு போர்மேன் ஆடி மாதமே கூடுதல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். வெளியே அறுபது பேர் வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தாலும், இருளாண்டி வராவிட்டால் அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டியதுதான்.

அவருக்கென்று உள்ளே சில கட்டுகள் உண்டு. செருப்பு கூடாது, இரும்பு கூடாது, போன் கூடாது. அதோடு, கெட்ட சேதி கூடாது. மருந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் கை நடுங்கினால் அவனோடு போகாது. அதனால் எந்தத் துக்கமானாலும் கேட்டில் நிற்கும். சாயங்காலம் தொட்டியில் கை கழுவிய பிறகுதான் காதுக்கு வரும். அவருடைய பெண்டாட்டி செத்த சேதியையே கேட்டில் காவல் இருக்கிற மூக்கம்மாள் அப்படித்தான் பொத்தி வைத்திருந்தாள். அதற்காக அவர் அவளைக் கோபித்ததில்லை.

லீவு கேட்டதும் பாலகுரு முடியாது என்று ஒரே வெட்டாக வெட்டினான். சீசன் உச்சியில் இருக்கிறது, வடநாட்டு ஆர்டர் பாதி கிடக்கிறது, கல்யாணத்துக்குப் போகிற நேரமா இது என்றான். இருளாண்டி சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். போகத்தான் போகிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் அவனே சிரித்துக்கொண்டு வந்தான். பிள்ளை கல்யாணம் ஒரு தரம்தான் வரும், சந்தோசமாகப் போய்வாருங்கள் என்று அவர் தோளில் கை போட்டான். நாற்பது வருசத்தில் முதலாளி வீட்டுக் கை அந்தத் தோளில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே இருளாண்டி மருந்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். தள்ளி நின்று மேற்பார்வை மட்டும். காலையும் மாலையும் எலுமிச்சம்பழத்தையும் சாம்பலையும் வைத்துக் கையைத் தேய்த்தார். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி வெள்ளி மாதிரி மின்னும். அது போக மாட்டேன் என்றது. பெட்டி புதுசு, வேட்டி சட்டை புதுசு. எல்லாவற்றையும் தெருக்கோடியில் மூக்கம்மாள் வீட்டில் வைத்திருந்தார். தன் வீட்டுக் கொடியில் போட்டால் மருந்து வாசம் ஏறிவிடும் என்று பயம்.

அந்தப் பயம் எங்கே இருக்கிறது என்று பாலகுரு சரியாகப் பார்த்து வைத்திருந்தான்.

பயணத்துக்கு முந்தின நாள் ஆபீசில், பாண்டிமீனா பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் முன்னால்தான் பேச்சு நடந்தது.

"போர்மேன், மதுரை சின்ன ஏர்போர்ட்டு. துணியை வச்சு ஒவ்வொருத்தன் கையவும் துடைச்சு மெஷின்ல வைக்கிறான். உங்க கைய வச்சா என்ன ஆகும்? நாப்பது வருச மருந்து. ஊரே கேக்கக் கத்தும். அதுல சிவகாசி அட்ரஸைப் பார்த்தான்னா உக்கார வச்சிருவான்."

இருளாண்டி தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "தாலியக் கையில வச்சுக்கிட்டுக் குண்டு வைக்க வந்தவன் கணக்கா உக்காரணுமா மொதலாளி?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"அதுக்குத்தான் சொல்லுதேன். சென்னையில கூட்டம். ஆயிரத்துல ஒருத்தனைத் துடைச்சாப் பெருசு. நம்ம கம்பெனி காரை எடுத்துக்கோங்க. டிரைவர் போடுறேன். ராசா மாதிரி சென்னையில போய் ஏறுங்க."

பாண்டிமீனா பில்லிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார், டிக்கெட்டு மதுரையில இருந்துல்ல போட்டிருக்கு. சென்னையில ஏறுனா ஒத்துக்கிடுவாகளா?"

பாலகுரு அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா, சிவகாசியில இருந்து பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டுட்டு நீ விருதுநகர் பைபாஸ்ல ஏறுனதே இல்லையா? அங்கன வரைக்கும் சீட்டு சும்மா வரும். நஷ்டம் உனக்கா, பஸ்காரனுக்கா?"

ஏறியிருக்கிறாள். அவள் மட்டுமா? இந்த ஊரில் யார்தான் சீட்டுப் போட்ட இடத்தில் ஏறியிருக்கிறார்கள்? சாத்தூரில் ஏறுவான், ஆர்.ஆர்.நகரில் கை காட்டுவான், டிரைவருக்கு ஒரு போன் போட்டுவிட்டு ஆமத்தூர் விலக்கில் நிற்பான். காசு கட்டியாச்சு, சீட்டு நம்முடையது. எங்கே ஏறினால் என்ன? நாலு தடவை சீமை போய் வந்தவர் சொல்கிறார். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. டிக்கெட்டின் அடியில் விதிமுறைகள் என்று பொடி எழுத்தில் ஒரு பாராயணமே இருந்தது. அதை எவன் படித்தான்?

விடியக் கிளம்பினார்கள். அப்பா முன் சீட்டில், பெட்டி மடியில். பின்னால் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. திருச்சியைத் தாண்டிச் சாப்பிட நிறுத்தினபோது மணியைப் பார்த்தார். மதுரையில் விமானம் கிளம்புகிற நேரம்.

"நம்ம சீட்டு இந்நேரம் காலியாப் பறந்துக்கிட்டு இருக்கும், என்னத்தா?" என்று வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவள் எத்தனை தடவை மென்று துப்பினாள் என்று கணக்கில்லை.

சென்னையில் கவுண்டர்ப் பெண் பாஸ்போர்ட்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டாள். வாசலுக்கு உள்ளே போக முடியாமல் கண்ணாடிக்கு வெளியே நின்ற பாண்டிமீனாவுக்கு அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு திரும்பியது. கூட ஓர் ஆள் வெளியே வந்தான். மகளா என்று கேட்டான். பொறுமையாகத்தான் சொன்னான். இது பஸ் இல்லை. மதுரையில் ஏறவில்லை என்றால், பயணி வரவில்லை என்று கம்ப்யூட்டர் குறித்துவிடும். முதல் துண்டைத் தவறவிட்டால் மிச்சத் துண்டு எல்லாம் தானாக ரத்து. டப்ளின் போச்சு. டப்ளினிலிருந்து அட்லாண்டா போச்சு. திரும்புகிற வழியும் போச்சு.

"மதுரை விமானம் கிளம்புறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா ஏதாவது பார்த்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். திருச்சியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

போன், போன், போன். புது டிக்கெட் பார்த்தாள். அன்றைய விலையில் ஒரு வீடே கட்டலாம் போல இருந்தது. மாரிசெல்வி டப்ளினில் அழுதாள். தன் சம்பளத்தை மொத்தமாகப் போட்டாலும் பாதிக்குக் காணாது என்றாள். கடைசியில் தம்பி. அங்கே பொழுது விடிந்திருந்தது. அவன் நினைத்தால் ஒரு தட்டில் வாங்கிவிடலாம். பாண்டிமீனா கேட்கவில்லை. கேட்க வைக்காமல் அவனே சொல்லட்டும் என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"விடுக்கா," என்றான். "இந்த வயசுல அம்புட்டுத் தூரம் அலையணுமா? நான் லைவ் லிங்க் அனுப்புறேன். வீட்டுல உக்காந்து நிம்மதியாப் பார்க்கட்டும்."

அவன் மூச்சு விட்டது போனில் கேட்டது. பாரம் இறங்கின மூச்சு.

அப்பா பெட்டி மேல் உட்கார்ந்து நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "துடைக்கவே இல்லத்தா. கைய யாருமே தொடல," என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்தைப் பாண்டிமீனா வீட்டில் போனில் பார்த்தார்கள். அப்பா அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படம் நின்று நின்று வந்தது. மோதிரம் மாற்றினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மாரிசெல்வி ஓரத்தில் நின்றாள், யாரோ நிறுத்தி வைத்த மாதிரி. காளீஸ்வரன் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் என்னவோ பேசினான். அப்பா என்ன சொல்கிறான் என்று கேட்டார். நம்மை நினைத்துக்கொள்கிறான் என்றாள் பாண்டிமீனா. அவன் சொன்னது வேறு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பயணம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் வரவில்லை என்று சொன்னான். பெண் வீட்டார் உச்சுக்கொட்டினார்கள்.

மறுநாள் காலை இருளாண்டி கம்பெனி கேட்டில் நின்றார். அமெரிக்கா எப்படி என்று எவனோ கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. கூட்டம்தான் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எதிரே வந்த பாலகுரு, அடடா, இப்படியும் ஒரு சட்டமா என்று ரொம்ப வருத்தப்பட்டான். அந்த வாரமே வடநாட்டு லோடு கிளம்பியது.

புரட்டாசி பாதியில் பாலகுரு பாண்டிமீனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். தீபாவளி முடிந்ததும் குடும்பத்தோடு பாரிஸ், லண்டன், அங்கிருந்து கடலைத் தாண்டி நியூயார்க், அப்படியே ஊர். குறைந்த விலையில் பிடித்துத் தரவேண்டும். அவன் முன்னாலேயே லேப்டாப்பை வைத்துத் தேடினாள். விரல் பழக்கத்தில் மதுரை என்று அடித்தது. அதே கதை. மதுரையைச் சேர்த்தால் விலை சரிந்தது.

"மதுரையில இருந்து போட்டாத்தான் சார் குறையுது," என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே சொன்னாள். "ஆனா மதுரையிலயே ஏறணும். சென்னையில ஏறிக்கிடலாம்னு விட்டீகன்னா மொத்தமும் போயிரும்."

பாலகுரு போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "அது தெரியும்மா. ஹனிமூன் போனப்பவே பட்டுட்டேன். கொச்சியில இருந்து போட்டுட்டு பெங்களூருல ஏறப் போனோம். அம்புட்டும் கேன்சல். அன்னையில இருந்து மொத ஏர்போர்ட்டை நான் விடுறதே..."

போனில் அவன் விரல் நின்றது.

பாண்டிமீனா மெதுவாகத் திரும்பினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த சாமி காலண்டரைப் பார்த்தான். தோளில் விழுந்த கை. டிரைவரோடு வந்த கார். சிரிப்பு. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது.

"அப்பாவுக்கு இந்தத் தடவை போனஸ் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கேன்," என்றான் பாலகுரு. "டிக்கெட்டைப் போட்டுரு. விலை ஏறிறப் போகுது."

அவள் லேப்டாப்பை மூடினாள். எழுந்து நடந்தாள். மருந்து அறைகள் தூரத்தில் வேப்பமரங்களுக்கு நடுவில் தனித்தனியாக நின்றன. அப்பா அங்கேதான் ஏதோ ஒரு வாசலில் நிற்கிறார். ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று கால் பரபரத்தது. கேட்டிலேயே நின்றுவிட்டாள். மூக்கம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

மணியடித்து, ஆட்கள் தொட்டியடியில் வரிசை கட்டினார்கள். இருளாண்டி கடைசியாக வந்தார். கை முழுக்க வெள்ளி. எலுமிச்சம்பழத்துக்குப் போன வெள்ளியெல்லாம் திரும்பி வந்திருந்தது. மகளைப் பார்த்தும் அவசரப்படவில்லை. முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். துண்டில் துடைத்தார்.

"கழுவிட்டேன். சொல்லு," என்றார்.

சொன்னாள். மூக்கம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருளாண்டி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். மருந்து அறைப் பித்தளைச் சாவிகள். கேட் மேசையில் வைத்தார்.

மூக்கம்மாள் அதைத் தொடவில்லை. "இன்னும் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்கல அண்ணே," என்றாள். "யாருமே எடுக்கல." தொட்டியடியில் நின்ற பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவருக்கு டிக்கெட்டைப் போட்டுக் குடுத்துரு," என்றார் மகளிடம்.

"நான் போட மாட்டேன்."

"போடு. மதுரையில இருந்தே போடு. பாரிசு, லண்டன், எல்லாம் நல்லாப் பார்த்துட்டு வரட்டும். தீபாவளி தாண்டிட்டா எவன் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் யாரு கேக்கப் போறா? எனக்கு அட்வான்ஸ் குடுக்க நாலு பேரு நிக்கிறான். இந்தச் சனத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அவரு வந்து எறங்கையில இங்கன பூட்டு இருக்கும். திறக்க ஆள் இருக்காது."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவும் இல்லை. பூட்டுத் தொங்கினாலும் அட்லாண்டாவில் முடிந்தது முடிந்ததுதான்.

காலையில் உள்ளே போகுமுன் அவர் கழற்றிக் கொடுத்த சாமான்களை மூக்கம்மாள் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினாள். கைக்கடிகாரம், போன், அந்தத் தாலி முடிந்த மஞ்சள் துணி. தினமும் காலையில் வாங்கி வைக்கிறாள், தினமும் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறாள். இன்றைக்குத்தான் வாய் விட்டாள்.

"இதை எதுக்கு அண்ணே நித்தமும் சொமந்துக்கிட்டு வாரீக? வீட்டுல பெட்டியில வச்சுட்டு வரலாம்ல?"

"வீட்டுல வச்சாக் கண்ணுல படுது," என்றார் இருளாண்டி. முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்கு நடந்தார்.